மலிந்தி வீட்டு ரோஷானி

றக்வான பஸ் நிலையத்துக்கு எதிரே எங்கள் கடை. ஃபோட்டோ பிரதி, லேமினேட்டிங், ஃபோன் ரீலோட், பாஸ்போர்ட் அளவுப் படம், இதெல்லாம் செய்வோம். நானும் என் கணவர் நுஹ்மானும் சேர்ந்து நடத்துகிறோம். நடிகை மலிந்தி வல்பிட்டவின் படத்தை இந்த ஊரில் அதிகமாக அச்சடித்து விற்றவர்கள் நாங்கள்தான். ரோஷானியைப் பற்றிச் சொல்லப் போகிற நான், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரோஷானியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தோம். அவள் மலை மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்ற பிரிவிலிருந்து வருவாள். பஸ் வராத நாட்களில் ஆறு கிலோமீட்டர் நடை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடக் குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் போடுவாள். அதிகம் பேசமாட்டாள். இடைவேளையில் எங்கள் எல்லோருக்கும் தலை பின்னிவிடுவாள். அவள் பின்னிவிட்டால் பின்னேரம் வரை ஒரு மயிர் கலையாது.

ஓ லெவல் பரீட்சையில் கணக்குப் பாடம் அவளைக் கைவிட்டது. அம்மா பிலோமினம்மாவுடன் மூன்று வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். அப்பா அந்தனி தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அண்ணன் ரொபர்ட் டவுனில் த்ரீவீல் ஓட்டினான். ரோஷானிக்குக் கீழே ஜெசிந்தா என்று ஒரு தங்கச்சி இருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனாள். ரோஷானி அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் பேசியிருக்கிறாள்.

இருபது வயதில் அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ராஜகிரியவில் ஒரு பெரிய வீட்டு நோனாவுக்கு வேலைக்குப் பெண் வேண்டும் என்று மட்டும்தான் ஏஜென்ட் சொல்லியிருந்தான். யாருடைய வீடு என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அப்போது மலிந்தியின் தொடர் வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் எவ்வளவு கொடுமை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் மருமகளாக வருவாள். எங்கள் வீட்டில் உம்மா இஷா தொழுத கையோடு டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேல்கணக்கில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் அதே சத்தம்தான் கேட்கும் என்பார்கள். சிங்களத் தொடர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாத ஆள் யார்?

ரோஷானி வீட்டுக்கு ஃபோன் எடுத்து, "அம்மா, இது மலிந்தி மிஸ் வீடு" என்று சொன்னாள். அன்றைக்கே செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது.

முதல் வருஷம் கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் லீவில் வந்தாள். லயத்து அறையில் நிற்க இடமில்லை. "அது சொந்த முடியா?" "சோறு திங்குவாங்களா, இல்ல பழம் மட்டுந்தானா?" "புருஷங்காரனோட சரியில்லையாமே, மெய்யா?" இதெல்லாம்தான் கேள்வி. ரோஷானி ஒன்றிரண்டுக்குப் பதில் சொன்னாள். மீதிக்குப் பிலோமினம்மா பதில் சொன்னார். "எம் மகளத் தன் தங்கச்சி மாதிரி வச்சிருக்காங்க. நங்கி, நங்கின்னுதான் கூப்பிடுவாங்களாம்."

எல்லோரும் போன பிறகு அந்தனி மட்டும் மகளிடம் கேட்டாராம்.

"சாப்பாடு ஒழுங்கா குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க அப்பா."

"மெலிஞ்சிட்ட."

அந்த மூன்று நாளில் தன்னைப் பற்றிக் கேட்டது அப்பா ஒருவர்தான் என்று பின்னால் அவள் சொன்னாள்.

அதிலிருந்து அவள் பெயரே மாறிவிட்டது. அந்தனி மகள் என்று யாரும் சொல்வதில்லை, மலிந்தி வீட்டு ரோஷானி. கோயிலில் பிலோமினம்மாவுக்கு முன் வரிசையில் இடம் விட்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரை முன்னால் போகச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளை தன் மகளுக்காகக் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று கேட்டனுப்பினார். ரொபர்ட் தன் த்ரீவீலின் பின்கண்ணாடி முழுக்க மலிந்தியின் முகத்தை ஒட்டினான். அந்த ஸ்டிக்கரை அடித்ததும் நாங்கள்தான். மலிந்தி ரோஷானியின் தோளில் கை போட்டு எடுத்த செல்ஃபி ஒன்றையும் கொண்டுவந்தான். பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். லயத்து அறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அந்தப் படத்தில் ரோஷானி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தவள் நான், எனக்கு அது தட்டுப்படவில்லை.

அந்த வீட்டில் அவள் இருந்த விதத்தை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெகு காலம் கழித்துச் சொன்னாள்.

விடியுமுன் எழும்ப வேண்டும். இரண்டு நாய்கள், மூன்று குளியலறைகள், சமையல், துணி. படுப்பது அயன் பண்ணும் அறையில். இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோட்டத்து வேலை இதைவிடச் சுலபம் இல்லையே. மலிந்தியும் ஆரம்பத்தில் நல்லபடிதான் இருந்தாளாம். உடுப்புக் கொடுப்பாள், பிஸ்கட் டின் கொடுப்பாள், ரோஷானியிடம் தலை பின்னச் சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போவாள்.

அவளுடைய வியாதி ஃபோனில் இருந்தது. ஒவ்வொரு நாளும் தொடர் முடிந்ததும், தன் இணையப் பக்கத்தில் கீழே ஆட்கள் எழுதுவதை எல்லாம் வாசிப்பாள். பத்தாயிரம் பேர் அழகு என்று எழுதி, ஒரே ஒருவன் 'உடம்பு போட்டுவிட்டாள்' என்று எழுதினால், இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். தமிழில் எழுதியிருப்பதை ரோஷானி வாசித்துச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ரோஷானி கெட்டதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் சொல்லத் தொடங்கினாள். நல்லது போதாத நாளில் தானாகவே இரண்டைச் சேர்த்துச் சொன்னாள்.

"பாவமா இருந்துச்சு ஜுமானா. சின்னப் புள்ள மாதிரி என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

ஒரு நாள் மலிந்தியின் மேனேஜர் அதையெல்லாம் வேறொருவரைக் கொண்டு சரியாக மொழிபெயர்த்துக் காட்டிவிட்டான். மலிந்தி அப்போது முடி நேராக்கும் சூட்டுக் கருவியைக் கையில் வைத்திருந்தாளாம். "நீயுமா என்னை ஏமாற்றுகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே ரோஷானியின் இடது கையைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே அதை வைத்து அழுத்தினாள்.

பிறகு அவளே மருந்து பூசினாள். கேக் வரவழைத்தாள். ரோஷானியின் மடியில் தலை வைத்து அழுதாள். "என்னயவிட அவங்கதான் கூட அழுதாங்க. நாந்தான் சமாதானம் சொன்னேன்."

கை ஓங்குவது அதன் பிறகு வழக்கமாகிவிட்டது. ரோஷானி வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுவருஷம் மலிந்திக்குப் புதுத் தொடர் கிடைத்தது. அதில் அவள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தாய். ஷூட்டிங் தொடங்குவதற்கு முன் இரண்டு மாதம் ரோஷானியிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். தலையில் துண்டை எப்படிக் கட்டுவது, கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே எந்த இடத்தில் வரும், மழையில் தார்ப்பாய்ப் படங்கை எப்படி இடுப்பில் சுற்றுவது. 'அம்மா', 'சாமி', 'தாயி' என்று சொல்லிப் பழகினாள். கதையில் ஒரு குழந்தை சாகிறது. உங்கள் பக்கத்துத் தாய்மார் எப்படி அழுவார்கள் என்று கேட்டாள். ரோஷானி ஜெசிந்தாவின் கதையைச் சொன்னாள். லொறியிலேயே மூச்சு நின்றதும், அம்மா தோள்துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, லொறிப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். அதற்கு மேல் சத்தமே வரவில்லை.

"செய்து காட்டு" என்றாள் மலிந்தி.

ரோஷானி செய்து காட்டினாள். இன்னொரு தரம் என்றாள் மலிந்தி. மேனேஜர் அதை ஃபோனில் படம் பிடித்தான். பளிங்குத் தரையில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைக் காலைத் தட்டித் தட்டி, ரோஷானி ஏழெட்டுத் தரம் தன் அம்மா அழுத அழுகையை அழுதுகாட்டினாள். ஆறாம் தரத்துக்கு மேல் தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்றாள்.

அந்தக் காட்சி வந்த நாளில் எங்கள் உம்மா அழுதார். நானும் அழுதேன். மறுநாள் பிலோமினம்மா ரீலோட் போடக் கடைக்கு வந்தார்.

"பாத்தீங்களாம்மா? நாந்தான் அது. எம் மக சொல்லிக் குடுத்திருக்கா. துண்ட வாயில வச்சது, பலகையத் தட்டினது, எல்லாம் நாந்தான்."

அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அது என்னவென்று அவருக்கே விளங்கியதாகத் தெரியவில்லை. மேல்கணக்கில் ஆட்கள் வீடு தேடி வந்து, எப்படி அழுதீர்கள் என்று காட்டச் சொன்னார்களாம். அவரும் காட்டினாராம்.

போன வருஷம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தனி ஃபெக்டரிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. ரொபர்ட் தங்கைக்கு ஃபோன் எடுத்தான். வேலை நேரத்தில் அவளுடைய ஃபோன் மேனேஜரிடம்தான் இருக்கும். மேனேஜர் மலிந்தியிடம் சொல்ல, பின்னேரம் ஷூட்டிங் முடிந்து வந்துதான் அவள் ரோஷானியைக் கட்டிப்பிடித்துச் செய்தியைச் சொன்னாள்.

"நான் இப்பவே போறேன் மிஸ்."

"இந்த நிலையில் உன்னைத் தனியாக அனுப்ப முடியுமா? சனிக்கிழமை இரத்தினபுரியில் எனக்கு ஒரு கடைத் திறப்பு இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம். உன் வீட்டுக்கு நானே வருகிறேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க ரோஷானி அயன் அறையில் இருந்தாள். அதற்குள் மேனேஜர் ரொபர்ட்டுக்குச் சொல்லிவிட்டான், மிஸ் நேரில் வருகிறார் என்று.

வெள்ளிக்கிழமை நடக்க இருந்த அடக்கத்தை சனிக்கிழமை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டார்கள். ரொபர்ட் மரண அறிவித்தல் அடிக்க எங்கள் கடைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அப்பாவின் பெயர், வயது, நேரம் எல்லாம் சொன்ன பிறகு, கடைசி வரியில் 'நடிகை மலிந்தி வல்பிட்ட அவர்கள் கலந்துகொள்வார்' என்றும் போடச் சொன்னான்.

"மையத்து அறிவித்தல்ல இது எதுக்கு?" என்று நுஹ்மான் என் காதருகே கேட்டார்.

"அவங்க கேக்குறாங்க. நமக்கென்ன?" என்றேன். நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாகவும் போட்டேன்.

அந்தனியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் அந்த மலைக்கு ஏறிப் போய்வர நான் நினைத்திருக்கவில்லை. சனிக்கிழமை போனேன். பெருநாளுக்குத் தைத்த அபாயாவை உடுத்திக்கொண்டு, ஃபோனில் சார்ஜ் நிறைத்துக்கொண்டு போனேன். எதற்குப் போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேல்கணக்கில் அத்தனை ஆட்களை நான் கண்டதே இல்லை. கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் பவுடர் பூசிக்கொண்டு நின்றார்கள். பாதை தெரியும்படி தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேட்டில் ஏறி நின்றவர்களும் இருந்தார்கள். லயத்து முற்றத்தில் படங்குக்குக் கீழே பெட்டி. அதைச் சுற்றி ஒரு பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

மூன்று மணிக்குப் பாதர் ஜெபத்தை முடித்தார். கஹவத்தையில் அவருக்குப் பூசை இருந்தது. "எடுக்கலாமா?" என்று ரொபர்ட்டிடம் கேட்டார். ரொபர்ட் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, மிச்சத்தை உபதேசியார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் போய்விட்டார். மழை பிடித்தது. ஆட்கள் கூரை ஓரங்களில் ஒதுங்கினார்களே தவிர, கலையவில்லை.

உள்ளே பெண்கள் பக்கத்தில் நான் இருந்தேன். மழைச் சாரல் படாமல் பெட்டியை நகர்த்தியபோது பிலோமினம்மா உடைந்துவிட்டார். தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டு, பெட்டியின் பலகையில் உள்ளங்கையால் தட்டினார். எனக்கு முன்னால் இருந்த பிள்ளை பக்கத்தில் இருந்தவளை இடித்து, "மலிந்தி மாதிரியே அழுவுறாங்க பாரு" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நொடியில் எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது.

ரோஷானி அன்று காலையே மலிந்தியோடு இரத்தினபுரிக்கு வந்துவிட்டாள். கடைத் திறப்பு பதினொன்றுக்கே முடிந்துவிட்டது. ஆனால் காரை எடுக்க முடியவில்லை. ஆட்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். மலிந்தி முன் இருக்கையில் இருந்து கண்ணாடியை இறக்கிக் கை காட்டுவதும், ஏற்றிக்கொள்வதுமாக இருந்தாள். பின் இருக்கையில் ரோஷானி. அவள் பக்கத்துக் கண்ணாடியிலும் ஆட்கள் முகத்தைப் பதித்து உள்ளே பார்த்தார்கள். ஃபோனைக் கண்ணாடியோடு வைத்து அழுத்தினார்கள். ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாளாம். ரோஷானி அழுதுகொண்டிருந்ததையும் யாரோ படம் எடுத்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பிறகு கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் படம் எடுத்து முடிக்க இரண்டு மணி தாண்டிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மலிந்தி வானத்தைப் பார்த்தாள்.

"அந்த வளைவுப் பாதையில் எனக்கு வாந்தி வரும், நங்கி. நாளைக்குக் காலையில் ஷூட்டிங். நீ பஸ்ஸில் போ. நான் பிறகு ஒரு நாள் வருகிறேன். அம்மாவிடம் சொல்லு."

பெல்மதுளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், டவுனிலிருந்து ரொபர்ட்டின் கூட்டாளி ஒருவனுடைய த்ரீவீல். மேல்கணக்குக்கு அவள் வந்து சேர ஐந்தரை மணி.

வாகனச் சத்தம் கேட்டதும் கூட்டம் பாதைக்கு ஓடியது. த்ரீவீலிலிருந்து ரோஷானி இறங்கினாள். நனைந்திருந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. எல்லோரும் அவளைத் தாண்டிப் பின்னால் பாதையைப் பார்த்தார்கள். ரொபர்ட் முன்னால் வந்தான்.

"மிஸ் எங்க?"

"வரல."

"பின்னால வாறாங்களா?"

"வரல அண்ணே. அப்பா எங்க?"

அவளுக்கு வழி விடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஈரச் சட்டைக் கை மேலே ஏறி, முழங்கைக்குக் கீழே பட்டை பட்டையாகத் தழும்புகள் தெரிந்தன. ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அவளிடம் கேட்டது இதுதான்:

"அவ ஏன் வரல்ல?"

அப்பாவைப் பறிகொடுத்து வந்து நிற்கும் பிள்ளையிடம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சிநேகிதி கேட்ட முதல் கேள்வி.

பெட்டியைத் தூக்கும்போது இருபது பேர் இருந்தார்கள். மற்றவர்கள் மழையைச் சாக்குச் சொல்லி இறங்கிவிட்டார்கள். கடைசி பஸ் ஆறு மணிக்கு என்று நானும் இறங்கிவிட்டேன்.

ரோஷானி திரும்பக் கொழும்புக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து மலிந்தி தன் இணையப் பக்கத்தில் அந்தனியின் படத்தைப் போட்டு, 'என் நங்கியின் தந்தைக்கு அஞ்சலி' என்று எழுதினாள். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அவளுடைய நல்ல மனதைப் பாராட்டினார்கள். ரோஷானி அம்மாவிடம் கையைக் காட்டினாள்.

"கை தவறிப் பட்டிருக்கும் தாயி. அவங்க தலைய சீவுற நேரத்துல நீ எதுக்குக் குறுக்க போன?"

"நாலு தரமா கை தவறும்?"

"வெளிய சொல்லாத" என்றார் பிலோமினம்மா. "நம்மளத்தான் கேவலமாப் பேசுவாங்க."

ரோஷானி மறுபடி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுக்கத் தொடங்கினாள். ஏன் திரும்பிப் போகவில்லை என்று தினமும் கேள்வி. எதையாவது திருடிவிட்டு வந்திருப்பாள், மேனேஜரோடு ஏதாவது இருந்திருக்கும் என்றெல்லாம் பேச்சு. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பொறுக்க முடியாமல் கையைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டாள். யாரோ அதை ஃபோனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

மூன்று நாளில் நாடு முழுக்கப் போய்விட்டது. கீழே எழுதியிருந்ததை எல்லாம் நான் வாசித்தேன். சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. யாரிடம் காசு வாங்கினாள் என்று கேட்டிருந்தார்கள். இவளுடைய முகத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம் செய்தவள் என்று எழுதியவன் எங்கள் ஊர்க்காரன், தினமும் எங்கள் கடையில் ரீலோட் போடுகிறவன். நான் 'அந்தத் தழும்பை என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன். கடையின் பெயரில் போகும் என்று ஞாபகம் வந்ததும் அழித்துவிட்டேன். கண்ணாடி அலமாரியில் மலிந்தியின் படங்கள் இன்னும் இருபது, முப்பது விற்காமல் கிடந்தன.

அந்த வாரம்தான் ரோஷானி கடைக்கு வந்தாள். மதியம், ஆட்கள் இல்லாத நேரம். உள்ளே ஃபோட்டோ எடுக்கும் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அப்போதுதான் எனக்குச் சொன்னாள்.

"பொலிஸுக்குப் போவோம். நான் வாறேன் உன்னோட" என்றேன்.

"வேணாம். அங்கயும் அவங்களப் பத்தித்தான் கேப்பாங்க."

நான் வற்புறுத்தவில்லை. போகும்போது அலமாரியில் இருந்த மலிந்தியின் படங்களைப் பார்த்தாள். அன்றைக்கே அவற்றை எடுத்துவிட்டேன். அது மட்டும்தான் நான் செய்தது.

வீட்டில் ரொபர்ட் அவளோடு பேசுவதை நிறுத்தினான். த்ரீவீல் ஸ்டாண்டில் அவனைக் கிண்டல் செய்தார்கள். "எங்க பேரக் கெடுத்துட்டா" என்றான். ஆனால் த்ரீவீலில் இருந்த ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. கோயிலில் பிலோமினம்மா பழைய இடத்துக்கே, பின்னால் கதவோரத்துக்குப் போய்விட்டார்.

இந்த வருஷம் பெப்ரவரியில் அந்தத் தோட்டத்துத் தொடருக்காக மலிந்திக்கு விருது கிடைத்தது. மேடையில் அழுதுகொண்டே பேசினாள். "மலையகத் தாய்மாரின் கண்ணீரை எனக்குக் கற்றுத்தந்தது என் நங்கி ரோஷானி. இந்த விருது அவளுக்கும் உரியது" என்றாள். முழு மண்டபமும் எழுந்து நின்று கை தட்டியது.

மறுநாள் ரொபர்ட் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு தங்கையோடு பேசினான். "பாத்தியா? அவ்வளவு பெரிய எடத்துல ஒம் பேரச் சொல்லிட்டாங்க." லயத்து அறையில் மறுபடி ஆட்கள் நிறைந்தார்கள். திட்டி எழுதியவர்கள்கூட வந்தார்கள். கொழும்பிலிருந்து மேனேஜர் ஃபோன் எடுத்து, ரோஷானி நன்றி சொல்லி ஒரு சின்ன வீடியோ அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று ரொபர்ட்டிடம் சொன்னான்.

அவள் மாட்டேன் என்றாள். அன்று பின்னேரம் முழுக்க ரொபர்ட் கெஞ்சினான், பிறகு கத்தினான். கடைசியில் பிலோமினம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லிரு தாயி. அதோட எல்லாம் சரியாப்போயிரும். நாங்க இந்த மலையிலதானே இருக்கணும்."

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். சுவரில் திரு இருதயப் படமும் செல்ஃபிப் படமும் தெரியும்படி அவளை உட்கார வைத்திருந்தார்கள். நீளக் கைச் சட்டை போட்டிருந்தாள். தலையை நன்றாக வாரிப் பின்னியிருந்தாள். "மிஸ்ஸுக்கு நன்றி. நான் சந்தோஷமா இருக்கேன். முன்னாடி சொன்னது கோவத்துல சொன்னது" என்றாள். பன்னிரண்டு விநாடி. இரண்டு லட்சம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். கீழே எல்லாம் இதயப் படங்கள்.

பத்து நாள் கழித்து அவள் போய்விட்டாள். கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் அவளுடைய சித்தி இருக்கிறார். அங்கே பால் வெட்டும் வேலை பழகிக்கொண்டாள். விடியற்காலையில் தொடங்கினால் பதினொரு மணிக்கு முடிந்துவிடும், மரங்களுக்கு நடுவில் யாரோடும் பேசத் தேவையில்லை என்றாள். எப்போதாவது மாவனல்லைக்கு சாமான் வாங்கப் போனால், அங்கிருந்து எனக்கு ஃபோன் எடுப்பாள். அவளிடம் இப்போது பழைய பட்டன் ஃபோன்தான்.

ஒரு தரம் அப்படிப் பேசும்போது சொன்னாள். அங்கே பால் நிறுக்கும் இடத்தில் ஒரு அக்கா கேட்டாராம், "நீ றக்வானப் பக்கந்தானே? அந்த மலிந்தி வீட்டுப் புள்ளயத் தெரியுமா?"

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. யாரும் என் மொகத்த அவ்வளவு பாத்ததில்லையே, ஜுமானா. எல்லாரும் அந்தப் படத்துல அவங்களத்தானே பாத்தாங்க."

அவள் அதைக் கசப்பாகச் சொல்லவில்லை. சாமான் விலை சொல்வது போலச் சொன்னாள். பிறகு உம்மாவின் சுகத்தைக் கேட்டாள்.

ஜூன் மாதம் அந்தனியின் வருஷ நினைவு வந்தது. ரோஷானி வருவாளா என்று பிலோமினம்மா கடையில் வந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோயிலில் எட்டு மணிக்குப் பூசை. அவள் அதற்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தாள். முதல் நாளே கஹவத்தையில் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கி, காலையில் முதல் பஸ்ஸில் மேல்கணக்குக்கு ஏறி, நேரே மயானத்துக்குப் போயிருக்கிறாள். கல்லறையில் வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, லயத்துப் பக்கம் போகாமலே கீழே இறங்கிவிட்டாள்.

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது எதிரே பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். விரலெல்லாம் மண். நான் பாதையைக் கடந்து போனேன். இந்தத் தடவை யாரைப் பற்றியும் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்ல."

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இடியப்பப் பார்சலைக் கொடுத்தேன். வாங்கில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். பூசை இன்னும் முடிந்திருக்காது. அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஒரு தரம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. பெல்மதுளை பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தாள்.